சேம அச்சும் பால்ரஸ் குண்டுகளும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஏற்காட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலானோர் அவற்றை எண்ணியிருக்கிறார்கள். பனியையும் ஏரியையும் காப்பிப் பூவின் மணத்தையும் எழுதியிருக்கிறார்கள். அந்த வளைவுகளில் ஓர் இருசக்கர வாகனம் திரும்பும்போது, ஏறியிருப்பவரின் உயிரைத் தாங்கிக்கொண்டிருப்பவை எவை என்று யாரும் எழுதக் காணோம். சக்கரத்தின் குடத்துக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேரிங்குகள். கைப்பிடிக்குக் கீழே, வண்டியின் கழுத்தில், மேலும் கீழுமாக இரண்டு வளையங்களில் அடுக்கிய எஃகுக் குண்டுகள். கழுத்தில் உள்ளதை நம் ஊர்ப் பட்டறைகளில் ‘கோன் செட்’ என்பார்கள். குண்டுகளுக்குப் பெயர் ‘பால்ரஸ்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல் குண்டு ஓடும் பள்ளத்தைக் குறிக்கும். தமிழில் அது குண்டையே குறிக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. மொழியியலாளர்கள் இதைப் பிழை என்பார்களாக இருக்கலாம். பள்ளத்தைப் பார்த்தவர்கள் மெக்கானிக்குகள் மட்டுமே, குண்டைப் பார்த்தவர்கள் ஊரிலுள்ள எல்லாச் சிறுவர்களும் என்பதே இதற்கு நாம் கண்ட விளக்கம்.

இந்தச் சிறு பொருளின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றிப் பேசும்போது ஓர் உவமை சொல்கிறார். உப்பு வணிகர்களான உமணர், பாரம் ஏற்றிய வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்ட வேண்டியவர்கள். வழியில் என்ன நேரும் என்று அறிய முடியாது என்பதால் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துச் செல்வார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இளவரசன் அத்தகைய சேம அச்சைப் போன்றவன் என்பது பாட்டின் போக்கு. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ளது. பழுது வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்னும் மனப்பான்மையை நம் நாட்டுக் குணம் என்று அலுத்துக்கொள்பவர்கள், இந்த நாட்டு மன்னன் மகனைப் புகழ ஒரு மாற்று உதிரிப்பாகம் போதுமானதாக இருந்தது என்பதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

மாட்டு வண்டியில் பேரிங் கிடையாது. குடத்துக்குள் அச்சு நேராகத் தேய்ந்தபடியே சுழலும். தேய்வைக் குறைக்க விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து ஒரு கறுப்பு மை செய்வார்கள். அது வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாயில் தொங்கிக்கொண்டிருக்கும். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே நகர்த்தி, மையைத் தடவி மறுபடி பூட்டுவது வண்டிக்காரரின் வாடிக்கையான வேலை. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளின் புன்செய்க் காடுகளில் ஆமணக்கு நன்றாக விளையும். ஆகவே இந்தப் பகுதியில் மைக்குப் பஞ்சமில்லை. இந்த விளக்கெண்ணெயை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை நட்டார். அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்குத் தோட்டம் மண்பாதைகள் வெட்டப்பட்டன. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களை இணைத்த ஒற்றையடித் தடங்கள் முன்பே இருந்தன. இந்த மலை சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல் அது. அதனால் 1893இல் தாமஸ் ஹாலண்ட் அப்பாறைக்கு அப்பெயரை இட்டார். அப்பாறையில் குவார்ட்ஸ் உண்டு. பாறை சிதைந்து மண்ணான பிறகும் குவார்ட்ஸ் துகள் சிதைவதில்லை. பேரிங் செய்யும் எஃகைவிட அது கடினமானது. தோட்டத்துப் பாதையில் எழும் புழுதியும், மழைக்காலத்தில் தெறிக்கும் சேறும் ஒரு பேரிங்குக்கு ஏன் எமன் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தேய்ப்பதற்குப் பதிலாக உருட்டினால் உராய்வு மிகச் சிறிய பங்காகக் குறைந்துவிடும் என்பது பழைய அறிவு. கல்லை மரக்கட்டைகள் மேல் உருட்டிக் கோயில் கட்டியவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அச்சைச் சுற்றிக் குண்டுகளை அடைத்து அதற்கொரு காப்புரிமையும் வாங்கியவர், வேல்ஸ் நாட்டுக் கார்மார்தனைச் சேர்ந்த பிலிப் வாகன் என்னும் இரும்பாலைக்காரர், ஆண்டு 1794. குதிரை வண்டிக்காக அவர் செய்தது அப்போது பெரிதாக எடுபடவில்லை. குண்டுகள் ஒன்றுபோல் உருண்டையாக இல்லாவிட்டால் பெரிய குண்டு எல்லாப் பாரத்தையும் சுமந்து உடையும். சிறியவை சும்மா கிடக்கும். பாரிஸ் மிதிவண்டிக் கைவினைஞர் ஜூல் சுரிரே 1869இல் மிதிவண்டிக்குக் குண்டு பேரிங் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று நடந்த பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது அவருடைய பேரிங் பூட்டிய வண்டியில்தான். பிறகு 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் ஊரில் பிரீட்ரிக் ஃபிஷர், குண்டுகளை ஒரே அளவில் உருண்டையாக அரைத்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். உலகத்துப் பேரிங் தொழில் அந்த ஊரிலிருந்து தொடங்குகிறது என்றால் மிகையில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 1943 அக்டோபர் 14 அன்று, பேரிங் கிடைக்காவிட்டால் ஹிட்லரின் படை நின்றுவிடும் என்ற கணக்கில் அமெரிக்க விமானங்கள் அதே ஊரைக் குண்டுவீசித் தாக்கின. அன்று ஒரே நாளில் 60 விமானங்கள் திரும்பி வரவில்லை. சிறுவர்கள் கோலியாடும் பொருளுக்காக!

எஃகின் கதையும் ஏற்காட்டு அடிவாரத்தைத் தொட்டுச் செல்கிறது. பேரிங் எஃகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கரியும் ஒன்றரைப் பங்கு குரோமியமும் இருக்கும். இப்படிக் கரி மிகுந்த எஃகை மண் குப்பிக்குள் உருக்கிச் செய்யும் கலை சேலம் பகுதியில் நெடுங்காலம் இருந்தது. சேலத்தில் கம்பெனி அதிகாரியாகப் பணியாற்றி, பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசையா ஹீத், அதன் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் குப்பிக்குள் இட்டு மூடிச் சுடுவார்கள் என்பது அவர் தரும் செய்தி. இந்த இந்திய எஃகின் மர்மம் என்னவென்று அறிய முயன்றவர்களில் மைக்கேல் பாரடேயும் ஒருவர். அந்தத் தேடலின் வழியில்தான் அவரும் ஸ்டோடார்ட்டும் 1820-22 ஆண்டுகளில் எஃகோடு வெவ்வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். குரோமியம் அவற்றுள் ஒன்று. சேலம் சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட்டோடு குரோமைட்டும் கிடைக்கிறது என்பது இதற்கொரு பின்குறிப்பு. இவற்றையெல்லாம் கோத்து, பேரிங்கைக் கண்டுபிடித்தவன் தமிழனே என்று முழங்குவோர் வரக்கூடும். நாம் அந்தப் பக்கம் போகவில்லை. குப்பி எஃகு வாளாயிற்று. பேரிங்குக்குத் தேவைப்பட்ட அரைக்கும் இயந்திரம் வேறோர் ஊரில் பிறந்தது. அவ்வளவே.

இந்தியாவில் பேரிங் செய்வதற்காக 1946இல் ஜெய்ப்பூரில் ஓர் ஆலை நிறுவப்பட்டது. மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை நமக்கு முக்கியமான ஆண்டு 1955. அவ்வாண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் பூட்டப்பட்டன. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. சில ஆண்டுகளில் எல்லாமே இங்கேயே செய்யப்பட்டன. மலைத்தோட்டங்களில் குதிரைக்குப் பதிலாக வந்த வாகனங்களில் ஜீப்புக்கு அடுத்த இடம் புல்லட்டுக்கு உண்டு. 1960களின் தொடக்கத்தில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது.

பழைய புல்லட்டின் கழுத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஓர் எண் மறக்காது: மேலே 19, கீழே 19. ஒவ்வொரு குண்டும் கால் அங்குலம். அவை கூண்டுக்குள் இருப்பதில்லை, உதிரியாக இருக்கும். கழற்றும்போது விரித்த துணியோ தட்டோ கீழே இல்லாவிட்டால் பட்டறைத் தரையில் நாலா பக்கமும் ஓடும். தேடி எடுத்ததில் ஒன்று குறைந்தால் மறுநாள் அந்த வீதியின் கோலி விளையாட்டில் அது தென்படும். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, பள்ளத்தில் தாராளமாகக் கிரீஸைப் பூசி, அதில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, அவை விழாதபடி தண்டை மெதுவாகக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் தனியாகச் செய்தால் அவரைத் தேர்ந்த மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ளலாம்.

கோன் செட் கெடுவதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. வண்டி தன் ஆயுளின் பெரும்பகுதியில் நேராகவே ஓடுகிறது. ஆகவே குண்டுகள் ஒரே இடத்தில் நின்றபடியே அடி வாங்குகின்றன. மலை இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்கு வருகிறது. ஒவ்வொரு குழியும் கீழ்ப்பள்ளத்தில் ஒரு சுத்தியலடி. நாளடைவில் குண்டுகள் நின்ற இடத்தில் சிறு குழிவுகள் விழும். கைப்பிடியைத் திருப்பும்போது நடுவில் ‘டக்’கென்று ஓர் இடத்தில் போய் உட்காருவதுபோல் தோன்றினால் குழிவு விழுந்துவிட்டது என்று பொருள். இக்குழிவுகளுக்குப் பொறியியலார் வைத்த பெயர், ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல்லின் நினைவாக அமைந்தது. ஓர் எஃகுக் குண்டை உலோகத்தின் மேல் அழுத்தி, விழும் குழியை அளந்து, உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் முறையை அவர் 1900இல் அறிவித்தார். அவர் ஆய்வகத்தில் அளந்ததை நம் சாலைகள் வண்டியின் கழுத்தில் நாள்தோறும் அளந்துகொண்டிருக்கின்றன.

இந்த நோய் கொண்டையூசி வளைவில்தான் தன்னைக் காட்டும். நேர்ச்சாலையில் நடுக்குழிவு கைப்பிடியைப் பிடித்து வைத்திருப்பதால் வண்டி நிலையாக ஓடுவதுபோலவே தோன்றும். வளைவில் மெல்லத் திருப்ப முயலும்போது குண்டுகள் குழிவைவிட்டு ஏற மறுத்து, பின் சட்டென்று ஏறும். ஓட்டுபவர் நினைத்ததைவிட அதிகம் திரும்பிவிட்டதை உணர்ந்து மறுபடி நேராக்குவார். அது மறுபடி குழிவில் விழும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே தண்ணீர் லாரி வரும்போது இந்தத் தடுமாற்றத்துக்குச் சாலையில் இடமில்லை. விபத்துக் குறிப்புகளில் ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்று ஒரு தொடர் வருவதைக் காண்கிறோம். அத்தொடர் எழுதப்படும் எல்லா இடங்களிலும் குற்றவாளி ஓட்டுநர்தானா என்பது நமக்கு நெடுநாளைய சந்தேகம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், உதிரிப்பாகத்துக்கும் காத்திருந்தார்கள். அப்போது பட்டறைகளில் இரண்டு வழக்கங்கள் வளர்ந்தன. பழைய பள்ளத்தைச் சற்றுத் திருப்பிப் பொருத்திக் குழிவுகளை வேறிடத்துக்கு மாற்றுவது ஒன்று. அது வறுமை கற்பித்த நுட்பம். சில மாதங்களுக்குப் பலன் தரும். பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுக் குண்டுகளை மட்டும் புதிதாக மாற்றுவது மற்றொன்று. இதை நம்மால் மெச்ச முடியவில்லை. குழிவு பள்ளத்தில் இருக்கும்போது புதுக் குண்டு என்ன செய்யும்? தட்டுப்பாடு தீர்ந்தும் இவ்வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. (1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் சேலம் மாவட்டத்து ஊர்.) மண்பாதைக்கென்றே செய்த வண்டிகள் பின்னாளில் வந்தன: 2016இல் ஹிமாலயன், 2019இல் எக்ஸ்பல்ஸ். வார இறுதிகளில் அவை சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரிசையாக ஏறி வருகின்றன. ஆனால் சேர்வராயன் மலையின் உண்மையான மண்பாதை வண்டி எது என்று கேட்டால் நாம் அந்த மொபெட்டையும் அதன் வழித்தோன்றல்களையும்தான் காட்டுவோம். காப்பி மூட்டை, மிளகு மூட்டை, பலாப்பழம், பால் கேன், பள்ளிக்குப் போகும் இரண்டு குழந்தைகள் என்று அது சுமக்காதது இல்லை. அதன் மெல்லிய அச்சையும் சிறிய பேரிங்கையும் பார்த்தால், இத்தனையும் இதன் மேலா என்று தோன்றும். இலக்கியத்தில் குதிரைக்கும் யானைக்கும் உள்ள இடத்தில் பத்தில் ஒரு பங்காவது இதற்கு யாராவது கொடுக்கலாம்.

சக்கரப் பேரிங்கைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக உண்டு. வளைவு மிகுந்த சாலை அதைப் பக்கவாட்டில் நெருக்கித் தேய்த்துவிடும் என்பார்கள். காருக்கு அது பொருந்தும். இருசக்கர வண்டியோ வளைவில் சாய்கிறது. சாய்வதால் பாரம் ஏறத்தாழச் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. பக்கத் தள்ளல் மிகக் குறைவு. மலையில் சக்கரப் பேரிங்கைக் கொல்வது தண்ணீர். மலை இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துச் சக்கரக்குடம் சூடேறுகிறது. உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. அடிவாரத்துக்கு வந்ததும் சிலர் நேரே தண்ணீரடித்து வண்டியைக் கழுவுகிறார்கள். குடம் திடீரெனக் குளிர்கிறது. உள்ளே குறைந்த காற்றின் இடத்தை நிரப்ப, ரப்பர் விளிம்பின் வழியே ஈரம் உறிஞ்சப்படுகிறது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவ மழையும் பெறும் மலையில், ஓடைநீர் குறுக்கிடும் பாதைகளிலும் இதுவே நடக்கிறது. கிரீஸ் பால்போல் வெளுத்து நீர்த்துப்போகும். பிறகு துரு, துருவுக்குப் பின் இரைச்சல்.

இரு பக்கமும் ரப்பர் மூடியிட்ட பேரிங்குகள் பரவிய பிறகு, ஆண்டுக்கொரு முறை சக்கரத்தைக் கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. இதில் குறைபட ஒன்றுமில்லை. மூடிய பேரிங் நீடித்து உழைக்கிறது. சக்கரத்துக்குள் மண் புகுவது குறைந்தது. ஆனால் ஆண்டுக்கொரு முறை ஒரு மனிதன் உள்ளே எட்டிப் பார்ப்பதும் அதோடு நின்றுபோயிற்று. வண்டிக்காரர் மை தடவும்போது அச்சின் விரிசலையும் பார்த்தார். இன்று விரலுக்கும் காதுக்கும்தான் அந்தப் பொறுப்பு வந்திருக்கிறது. நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது. சுழற்றிவிட்டு, சக்கரம் பூட்டிய தண்டில் கை வைத்தால் அதிர்வு தெரியும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் கழுத்தின் ஆட்டம் தெரியும். ஐந்து நிமிட வேலை. ஒரு செலவும் இல்லை.

மாற்றும் வேலையில் எல்லாத் தவறுகளும் ஒரே இடத்தில்தான் நேர்கின்றன. பேரிங்குக்கு இரண்டு வளையங்கள். குடத்துக்குள் இறுக்கமாக உட்காருவது வெளிவளையம். அதைத் தட்டித்தான் உள்ளே இறக்க வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அடி குண்டுகளின் வழியே வெளிவளையத்துக்குப் போகும். அதாவது பிரினெல் அளந்த குழியை நாமே சுத்தியலால் உண்டாக்கி, புதிய பேரிங்கைப் பழையதாக்கிப் பூட்டுகிறோம். நல்ல பட்டறைகளில் பழைய பேரிங்கின் வெளிவளையத்தை எறியாமல் வைத்திருப்பார்கள். புதியதன் மேல் அதை வைத்து, அதன் மேல் அடிப்பார்கள். குடத்தைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டால் அடிக்கும் தேவையே குறையும். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டு உண்டு. அதை மறந்துவிட்டு அச்சை முடுக்கினால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, ஒரு மலையேற்றத்துக்குள் பேரிங் முடிந்துவிடும். பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணும் ஒரு மொழிதான். 6301 என்றால் துளை 12 மில்லிமீட்டர், 6202 என்றால் 15. உலகில் எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் அந்த எண்ணுக்கு அதே அளவு. கல்விக்கூடம் பார்க்காத மெக்கானிக்கும் ஸ்வீடன் பொறியாளரும் ஐயமின்றிப் பேசிக்கொள்ளும் சொற்கள் இவை.

கிரீஸுக்கு வருவோம். இன்று பெரும்பாலான பேரிங்குகளில் இருப்பது லித்தியம் கிரீஸ். எண்ணெயை வழியவிடாமல் பிடித்து வைப்பது அதிலுள்ள லித்தியம் சோப்பு. அந்தச் சோப்புக்கான கொழுப்பு அமிலம், ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய விளக்கெண்ணெயிலிருந்து வருகிறது. வேறு கொழுப்புகள் இத்தனை வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருங்கே தாங்குவதில்லை. உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியா. மூங்கில் குழாயில் தொங்கிய மை, ஆலைகளையெல்லாம் சுற்றி வந்து, ரப்பர் மூடிக்குள் மறுபடி உட்கார்ந்திருக்கிறது. வைக்கோற் கரி மட்டும் விடுபட்டது.

புதிய கோன் செட் பூட்டியதும் நட்டை மிக இறுக்கக் கூடாது. தளரவும் விடக் கூடாது. முன்சக்கரம் தூக்கியிருக்கையில் கைப்பிடியை நடுவிலிருந்து விரலால் தொட்டுவிட்டால் அது தன் எடையில் ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும். ஃபோர்க்கை இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. வளையங்கள் தம் இடத்தில் படிந்து உட்காரச் சிறிது ஓட்டம் தேவை. ஆகவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை பார்த்து நட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஏற்காட்டுக்காரருக்கு அது சேலத்துக்கு எட்டு முறை போய்வரும் தூரம்.